ஒல்லி நாகேஷைக் குண்டாக்கிய டிவிடி

'காதலிக்க நேரமில்லை' படத்தின் டிவிடியைக் காசு கொடுத்து வாங்கினேன். திருட்டு டிவிடி இல்லை, ஹாலோகிராம் ஒட்டிய அசல் சரக்கு. அதுதான் வயிற்றெரிச்சலே.

தட்டைப் போட்டதும் அந்தக் கம்பெனி வெளியிட்ட வேறு படங்களின் டிரெய்லர்கள் ஓடுகின்றன. ரிமோட்டில் எதை அழுத்தினாலும் நகராது. அப்புறம் ஒரு எச்சரிக்கை: 'திருட்டு டிவிடி வாங்காதீர்கள்.' வாங்காதவனைப் பிடித்து உட்கார வைத்துத்தானே ஐயா இதைச் சொல்கிறீர்கள்! திருட்டு டிவிடி வாங்கியவன் இந்நேரம் டைட்டில் கார்டு தாண்டியிருப்பான்.

சரி, படம் வந்தது. வந்தவர் நாகேஷா என்றே சந்தேகம். அந்தக் காலத்து, கிட்டத்தட்டச் சதுரமான சட்டகத்தை இன்றைய அகலத் திரைக்கு இழுத்துப் பிடித்து நிரப்பியிருக்கிறார்கள். குச்சி மாதிரி இருந்த மனிதருக்குத் தொப்பை வந்துவிட்டது. பாலையாவின் முகம் தோசைக்கல் அளவுக்கு விரிந்து கிடக்கிறது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டால் என்ன குடி முழுகிவிடும்?

இந்தப் படத்தில் நாகேஷ் பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியை அறியாதவர் யார்? 1964-ல் வந்தது, இன்னமும் சிரிப்பு வருகிறது. அதில் கேமரா வித்தை ஒன்றும் இல்லை. ஒருவர் வாயாலேயே எல்லாச் சத்தமும் எழுப்புகிறார், இன்னொருவர் கேட்டுக் கேட்டு வெளிறிப் போகிறார். பாதிக் காட்சி பாலையாவின் கண்ணிலும் கன்னத்திலும்தான் நடக்கிறது. அந்தக் கன்னத்தின் மேல் கம்பெனியின் முத்திரையைக் குத்தி வைத்திருக்கிறார்கள். மூலையில்கூட இல்லை, முகத்தின் மேலேயே! போதாததற்கு உதடு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். நகைச்சுவையில் அரை நொடி பிசகினால் போச்சு. பாலையா முதலில் நடுங்குகிறார், நாகேஷின் சத்தம் அதற்குப் பிறகு வருகிறது. இது என்ன தீர்க்கதரிசனமா?

அட்டையில் பெரிதாக '5.1' என்று போட்டிருக்கிறது. மோனோவில், அதாவது ஒரே சேனலில், பதிவான படம் அது. அதற்கு எங்கிருந்து ஆறு சேனல் வரும்? எதிரொலியைச் சேர்த்துவிட்டார்கள், அவ்வளவுதான். விஸ்வநாதன்–ராமமூர்த்தி அத்தனை நுணுக்கமாகக் கோத்த வாத்தியங்கள் கல்யாண மண்டபத்து ஸ்பீக்கரில் கேட்பது போல் இரைகின்றன. முத்துராமன்–காஞ்சனா டூயட் ஒன்று முழுசாகவே காணோம். ஏன் என்று பார்த்தால், ஒரே தட்டில் மூன்று படம்! சாதாரண டிவிடி கொள்வது 4.7 ஜிபி. அதில் ஏழெட்டு மணி நேரத்தைத் திணித்தால் பாட்டை வெட்டத்தான் வேண்டும், ரவிச்சந்திரன் ஆடும்போது கைகால் கட்டம் கட்டமாகச் சிதறத்தான் செய்யும். அவருக்கு இது முதல் படம், பாவம்.

அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். "பழைய படம் சார், அப்படித்தான் இருக்கும்" என்றார் ஒருவர்.

அப்படியா? அந்தக் காலத்து வண்ணப் படச்சுருளான ஈஸ்ட்மேன் கலரின் பிரிண்ட் நாளாக நாளாக வெளுத்து இளஞ்சிவப்பாகும், உண்மைதான். ஆழியாறு விருந்தினர் மாளிகையில் எடுத்த 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' பாட்டு முழுக்க ரோஸ் பவுடர் பூசிக்கொண்டு நிற்பது அதனால்தான். ஆனால் அதே 1964-ல் வந்த, அதே ஈஸ்ட்மேன் கலரில் எடுத்த 'கர்ணன்' படத்தை 2012-ல் டிஜிட்டலில் சீராக்கித் திரையரங்குகளுக்குக் கொண்டு வந்தார்களே! ஜனம் வரிசையில் நின்று பார்த்ததே! அது புராணம், பிரம்மாண்டம், சிவாஜி. இது வெறும் சிரிப்புப் படம், மூன்றில் ஒன்றாகத் தள்ளிவிடலாம் என்ற அலட்சியம். இதை இயக்கிய ஸ்ரீதரே இந்தியில் மறுபடி எடுத்து, அங்கே நாகேஷ் வேடத்தில் நடித்த மெஹ்மூதுக்கு ஃபிலிம்பேர் விருது வாங்கித் தந்த கதை ஐயா இது. அதன் மூலப் படத்துக்கு இந்த மரியாதைதானா?

படத்தில் சினிமா எடுக்கத் துடிக்கும் செல்லப்பாவின், அதாவது நாகேஷின், 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' இந்த டிவிடியை வெளியிட்டிருந்தால்கூட இதைவிட நன்றாக இருந்திருக்கும். கையில் காசு இல்லாவிட்டாலும் அவனுக்குச் சினிமா மேல் ஆசையாவது இருந்தது. இவர்கள் தட்டில் பதிவதற்கு முன்னால் படத்தை ஒரு தடவை உட்கார்ந்து பார்த்திருந்தால்கூட, பாலையா முகத்தில் முத்திரை குத்த அந்தக் கைக்கு மனசு வந்திருக்காது.