தலைகீழாகத் தொங்கும் மார்சியாஸ்

நேற்றிரவு கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஓர் ஓவியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். இத்தாலிய ஓவியர் டிஷியன் வரைந்த மார்சியாஸின் முகத்தைச் சரியாகப் பார்க்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கிரேக்கக் கதை இது. ஏதீனா தேவி தூக்கியெறிந்த குழலை எடுத்து ஊதிப் பழகுகிறான் ஆட்டுக்கால் கொண்ட மார்சியாஸ். இசைக் கடவுள் அப்போலோவையே போட்டிக்கு அழைக்கிறான். வென்றவர் தோற்றவரை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பது பந்தயம். அப்போலோ யாழைத் தலைகீழாகத் திருப்பி வாசித்துவிட்டு, "நீயும் அப்படியே வாசி" என்கிறான். குழலைத் திருப்பிப் பிடித்து எப்படி ஊதுவது? தோற்றான். உயிரோடு தோலை உரித்தார்கள்.

1570களில், எண்பதைத் தாண்டிய வயதில் டிஷியன் இதை வரைந்தார். இன்று செக் குடியரசின் குரோமெரீஷ் நகரில், பேராயர் அரண்மனையில் இருக்கிறது. ஏறத்தாழ இரண்டு மீட்டர் சதுரம். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கிடாயைத் தொங்கவிட்டிருப்பார்களே, அப்படித்தான் நடுவில் தொங்குகிறான் மார்சியாஸ். யாழைத் திருப்பி வென்றவன், தோற்றவனையும் திருப்பிக் கட்டிவிட்டான்!

ஆணவத்துக்குக் கிடைத்த தண்டனை என்பார்கள் சிலர். உடலைக் களைந்து ஆன்மா விடுதலை பெறுகிறது என்று தத்துவம் சொல்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் ஒப்பவில்லை. ஆன்மாவைப் பற்றிய படமென்றால் கீழே சொட்டும் இரத்தத்தை நக்கும் அந்தச் சின்ன நாய்க்கு அங்கே என்ன வேலை? மண்டியிட்டுக் கத்தி பிடித்திருக்கும் பொன்னிறத் தலைமுடிக்காரனைப் பாருங்கள். அவன்தான் அப்போலோ என்பது பலரின் கருத்து. முகத்தில் கோபம் துளியும் இல்லை. பூத்தையல் போடுகிறவனின் கவனம். பக்கத்தில் ஒருவன் வில் இசைக்கருவி வாசிக்கிறான், கச்சேரி நடப்பதுபோல. இந்த நிதானம்தான் என்னைக் கலங்கடிக்கிறது.

முதுமையில் டிஷியன் தூரிகையைவிட விரல்களாலேயே அதிகம் தீட்டினார் என்று அவரை அறிந்த ஓவியர் இளைய பால்மா சொன்னதாக ஒரு குறிப்பு உண்டு. அதைப் படித்த பிறகு அந்தச் சதையின் வண்ணத்தை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

நான் சொல்ல வந்தது வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் கிழவரைப் பற்றி. மைடாஸ் அரசன். டிஷியன் தம் முகத்தையே அவருக்குக் கொடுத்திருக்கிறார் என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் மைடாஸ் உண்மையில் இந்தக் கதை ஆளே அல்ல. பான் என்ற காட்டுத் தேவனுக்கும் அப்போலோவுக்கும் நடந்த வேறொரு போட்டியில் வருபவர். மரத்தில் பானின் குழல்தான் தொங்குகிறது. இரண்டு கதைகளும் அந்தக் காலத்தில் கலந்துவிட்டன. அந்தப் போட்டியில் அப்போலோவே வென்றான் என்று தீர்ப்பானபோது, அது நியாயமில்லை என்று வாய் திறந்தவர் மைடாஸ் ஒருவர்தான். அதற்காக அவருக்குக் கழுதைக் காதுகள் முளைத்தன.

இந்தப் படத்தில் அவர் கை வாயருகே இருக்கிறது. ஆழ்ந்த சிந்தனை என்று எழுதுகிறார்கள். பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கும் அவர் மகன் இரண்டாம் பிலிப்புக்கும் காலமெல்லாம் வரைந்து கொடுத்த கிழவர், தம் முகத்தை அங்கே வைத்துக்கொண்டு வெறுமனே சிந்தித்துக்கொண்டா இருப்பார்? ஒருமுறை பேசிக் கழுதைக் காது வாங்கியவன், இம்முறை வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எனக்குத் தெரிவது அதுதான்.