போஸ்டரின் அடியில் இருக்கும் அந்தச் சின்ன வரி

கோத்தகிரியில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கோயில் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், தேர்தல் வந்தால் கட்சி வேலை. 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒருவர் கடைக்கு வந்தார். கட்சிக்காரர் மாதிரித் தெரியவில்லை, இந்தப் பக்கத்து ஆளும் இல்லை. கச்சத்தீவு பற்றி 5,000 நோட்டீஸ் வேண்டும், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் இருக்கும் லைன் வீடுகளில் கொடுக்கணும் என்றார். முழுப் பணத்தையும் கையிலேயே வைத்திருந்தார். வெளியிடுபவர் என்று யார் பெயரைப் போடுவது என்று கேட்டேன். “இப்படிக்கு நலம் விரும்பிகள்னு போட்டுடுங்க. அச்சகம் பேரும் வேண்டாம்” என்றார்.

முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அச்சகம் நடத்துகிற எல்லோருக்கும் இந்தச் சட்டம் தெரியும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 127ஏ. தேர்தல் நோட்டீஸானாலும் போஸ்டரானாலும் அச்சடித்தவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். வெளியிடுகிறவர் தான் இன்னார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவரை நேரில் அறிந்த இரண்டு பேர் அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அச்சடித்து முடிந்ததும் அந்த உறுதிமொழியையும் நோட்டீஸில் ஒரு படியையும் மாவட்ட ஆட்சியருக்கு நாங்கள் அனுப்ப வேண்டும். மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. போஸ்டரின் அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு வரி இருக்குமே, அதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

சட்டத்துக்காக மட்டும் நான் மறுக்கவில்லை. அந்த நோட்டீஸ் யாரைத் தேடி வந்தது என்பதுதான் என்னை உறுத்தியது. லைன் வீடுகளில் இருப்பவர்கள் எங்கள் ஆட்கள். இங்கே எங்களைச் சிலோன்காரர்கள் என்பார்கள், அரசாங்கத் தாளில் தாயகம் திரும்பியோர். என் அப்பாவும் அம்மாவும் பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து 1972இல் ரயிலில் தலைமன்னார் வந்து, கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள். கொஞ்ச நாள் மண்டபம் முகாம். அப்புறம் இந்தக் குளிரில், அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற வேலை. அந்தத் தோட்டம்தான் பின்னால் டேன்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் ஆனது. தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டை, அம்மாவுடையது, இன்னும் ஒரு பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருக்கிறது.

1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர் கணக்கு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்கள். தோட்டத்து ஜனங்களிடம் சம்மதம் கேட்கவில்லை. 1974 ஜனவரியில் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அந்த மிச்சத்தை ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். அதே 1974 ஜூனில் வந்ததுதான் கச்சத்தீவு ஒப்பந்தம். தீவு தேர்தலுக்குத் தேர்தல் மேடை ஏறுகிறது. ஒன்றரை லட்சம் மனிதர்களைச் சரிபாதியாகப் பிரித்த ஒப்பந்தத்தைப் பற்றி ஒரே ஒரு கட்சி போஸ்டர்கூட என் மெஷினில் ஓடியதில்லை. மீனவர்களின் வலி நிஜம். அதைப் பேசத்தான் வேண்டும். ஆனால் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து எங்கள் வாழ்க்கையை வைத்து ஓட்டுக் கேட்கிறவர் தன் பெயரைச் சொல்லிவிட்டுக் கேட்கட்டும்.

வெளியுறவுக் கொள்கை எங்கோ டெல்லியில் நடக்கிற சமாச்சாரம், நமக்கு என்ன வந்தது என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் அட்டைதான் ஞாபகம் வரும். தேயிலையும் அப்படித்தான். சோவியத் யூனியன் உடைந்து அந்தச் சந்தை ஆட்டம் கண்டபோது குன்னூர் ஏலத்தில் என்ன ஆனது, கொழுந்து விலை எங்கே போனது என்று படுகர் ஊர்களில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார்.

சரி, இப்போது இதை ஏன் எழுதுகிறேன் என்றால், என் தங்கை மகன் அமெரிக்காவில், நியூயார்க்கை ஒட்டிய வெஸ்ட்செஸ்டர் பகுதியில் இருக்கிறான். லீவுக்கு வந்திருந்தபோது நோட்டீஸ் கதையை அவனிடம் சொன்னேன். உடனே 2024 ஜூனில் அங்கே நடந்ததை அவன் சொல்ல ஆரம்பித்தான். அதன் பிறகு நானும் தேடித் தேடிப் படித்தேன்.

அப்போது அவன் தொகுதியின் எம்.பி. ஜமால் போமன். பள்ளித் தலைமையாசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவர். காசாவில் போரை நிறுத்தச் சொன்னவர், இஸ்ரேல் அரசைக் கடுமையாக விமர்சித்தவர். அவருடைய கட்சிக்குள்ளேயே நடந்த வேட்பாளர் தேர்தலில் அவரைத் தோற்கடிக்க ஓர் அமைப்பு மட்டும் 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தது. நம் பணத்தில் 100 கோடி ரூபாயைத் தாண்டும். நம் ஊரில் ஒரு மக்களவை வேட்பாளருக்குத் தேர்தல் ஆணையம் வைத்திருந்த செலவு வரம்பு 95 லட்சம் என்பதை வைத்து யோசித்துப் பாருங்கள். அந்த அமைப்பின் பெயர் யுனைடெட் டெமாக்ரசி ப்ராஜெக்ட். பெயரைக் கேட்டால் என்ன புரிகிறது? ஜனநாயகத்தைக் காப்பாற்ற வந்த யாரோ என்றுதான் நினைப்போம். அமெரிக்காவில் இஸ்ரேலுக்கு ஆதரவாகப் பேசும் ஏபேக் என்ற பெரிய அமைப்பின் தேர்தல் செலவுப் பிரிவு அது.

இதில் ஒரு விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்த விளம்பரங்களில் பெரும்பாலானவற்றில் இஸ்ரேல் என்ற சொல்லே கிடையாது. போமன் சாலை, பாலம் கட்டும் மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போட்டார், சொந்தக் கட்சி ஜனாதிபதிக்கே ஒத்துழைக்கவில்லை, இப்படித்தான் போகும். டிவியைத் திறந்தால் அதுதான், தபால் பெட்டியைத் திறந்தாலும் அதுதான் என்றான் பையன். ஜூன் 25 அன்று போமன் தோற்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் எம்.பி. கோரி புஷ்ஷுக்கும் இதேதான் நடந்தது. அங்கே சுமார் 85 லட்சம் டாலர்.

இஸ்ரேலை ஆதரிக்கும் அமெரிக்கக் குடிமகன் அதற்காகப் பணம் கொடுப்பதும் பேசுவதும் அவருடைய உரிமை, நான் அதை மறுக்கவில்லை. அந்தப் பணம் வெளிநாட்டு அரசின் பணம் இல்லை, அமெரிக்கர்களின் நன்கொடைதான். வெளிநாட்டு அரசுகளுக்காக வேலை செய்கிறவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அங்கே 1938லேயே சட்டம் வந்துவிட்டது, நாஜிப் பிரசாரத்தைத் தடுக்க. அந்தச் சட்டத்துக்குள் இது வரவில்லை. வேட்பாளரோடு கலந்து பேசாமல் செலவழித்தால் எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்று 2010இல் நீதிமன்றங்களே கதவைத் திறந்துவிட்டன. ஆக எல்லாம் சட்டப்படிதான். விளம்பரத்தின் கடைசியில் அமைப்பின் பெயரும் வரும். ஆனாலும் ஓட்டுப் போடுகிறவருக்கு விஷயம் தெரியாது. பாலம் பற்றிய சண்டை என்று நம்பி அவர் ஓட்டுப் போடுகிறார். பணம் கொடுத்தவர்களுக்கோ அது வேறொரு சண்டை.

பெயரை மறைப்பது ஒரு வகை ஏமாற்று. எதற்காக என்பதை மறைப்பது அதைவிடப் பெரிய ஏமாற்று என்று நான் நினைக்கிறேன்.

இப்படித்தான் செய்தாக வேண்டும் என்றும் இல்லை. 1940இல் அமெரிக்கா போருக்குள் போகலாமா வேண்டாமா என்று அந்த நாடே இரண்டுபட்டு நின்றது. நேச நாடுகளுக்கு உதவ வேண்டும் என்ற குழு அந்த ஜூன் மாதம் பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தது. தலைப்பு, ‘ஹிட்லரை இப்போதே நிறுத்துங்கள்’. எதிர்ப் பக்கத்தில் ‘அமெரிக்கா ஃபர்ஸ்ட்’ குழு, போர் வேண்டாம் என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டது. இரண்டு பக்கமும் மனதில் இருந்ததைத் தலைப்பிலேயே வைத்தார்கள். படிக்கிறவர் ஏற்கலாம், கிழித்துப் போடலாம். விளம்பரம் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

அப்புறம் 1990. இதைக் கூடலூர், பந்தலூர் நண்பர்கள் கவனித்துப் படிக்க வேண்டும். அந்த ஆண்டு சதாமின் ஈராக் குவைத்தைப் பிடித்துக்கொண்டபோது அங்கே இருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கையில் கிடைத்ததோடு ஊர் திரும்பினார்கள். உங்கள் வீடுகளிலேயே அந்தக் கதை இருக்கும். அக்டோபர் 10 அன்று வாஷிங்டனில், எம்.பி.க்கள் நடத்திய மனித உரிமைக் கூட்டம் ஒன்றில் நாயிரா என்ற 15 வயதுப் பெண் அழுதுகொண்டே பேசினாள். ஈராக் சிப்பாய்கள் குவைத் மருத்துவமனையில் இன்குபேட்டரில் இருந்த குழந்தைகளை எடுத்துத் தரையில் போட்டதைக் கண்ணால் பார்த்தேன் என்றாள். உலகமே அதை நம்பியது. போருக்கு அனுமதி தரும் தீர்மானம் செனட்டில் 52க்கு 47 என்று நிறைவேறியது. அந்தக் குழந்தைகளைப் பற்றி விவாதத்தில் பேசிய செனட்டர்கள் பலர். 1992 ஜனவரியில்தான் வெளியே தெரிந்தது, அந்தப் பெண் அமெரிக்காவில் இருந்த குவைத் தூதரின் மகள். அவளைப் பேசத் தயார்படுத்தியது ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம். அவர்களை அமர்த்தியது ‘சுதந்திரக் குவைத்துக்கான குடிமக்கள்’ என்ற அமைப்பு. அதற்கு வந்த 1 கோடிக்கும் மேற்பட்ட டாலர், ஏறக்குறைய முழுவதும் குவைத் அரசின் பணம். சொன்ன கதைக்குப் பின்னாளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

சதாம் செய்தது அக்கிரமம், சந்தேகமே இல்லை. ஆனால் ‘குடிமக்கள்’ என்ற சொல்லைப் பாருங்கள். நலம் விரும்பிகள் என்று போடச் சொன்னவரும் இதே மாதிரிச் சொல்லைத்தான் தேடி வந்தார்.

அமெரிக்காவில் இப்போது நிலைமை இன்னும் மோசம். 2024 அக்டோபரில் ஃபியூச்சர் கோயலிஷன் பேக் என்ற அமைப்பு மிச்சிகனில் அரபு வாக்காளர்களுக்கு, கமலா ஹாரிஸ் இஸ்ரேலின் உறுதியான நண்பர் என்று விளம்பரம் காட்டியது. பென்சில்வேனியாவில் யூத வாக்காளர்களுக்கு, அவர் பாலஸ்தீனர்கள் பக்கம் சாய்கிறார் என்று காட்டியது. அமைப்பு ஒன்று, வேட்பாளர் ஒருவர், தெருவுக்குத் தெரு வேறு பேச்சு. சுவரொட்டிக் காலத்தில் இது சுலபமாக நடக்காது. சுவர் எல்லோருக்கும் பொது. கட்டபெட்டில் ஒட்டுவதை அரவேணு பஸ்ஸில் போகிறவனும் படிப்பான், மாலையில் டீக்கடையில் அதைப் பற்றி நாலு பேர் பேசுவார்கள், பொய் என்றால் அங்கேயே உடைந்துவிடும். போன் அப்படி இல்லை. உங்கள் போனில் வருவது எனக்குத் தெரியாது, எனக்கு வருவது உங்களுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து ஒரு பொய்யைப் பிடிக்கும் வழியே அடைபட்டுப் போகிறது.

நம் நாட்டில் என்ன நிலைமை? வெளிநாட்டு நன்கொடையைக் கட்சிகள் வாங்கக் கூடாது என்பது 1976இலிருந்தே சட்டம். இரண்டு பெரிய தேசியக் கட்சிகளும் அதை மீறியதாக டெல்லி உயர் நீதிமன்றம் 2014இல் சொன்னது. உடனே என்ன செய்தார்கள்? 2016இல் நிதி மசோதாவோடு சேர்த்து, வெளிநாட்டு நிதி என்பதன் வரையறையையே தளர்த்தினார்கள். 2018இல் அந்தத் தளர்வை 1976 வரைக்கும் பின்னோக்கி இழுத்துக்கொண்டார்கள். அதே 2018இல் தேர்தல் பத்திரம் வந்தது. யார் யாருக்குக் கொடுத்தார் என்பது மக்களுக்குத் தெரியாத ஏற்பாடு. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பு வந்த நாள் நான் அச்சகத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

முகநூலில் 2019 பிப்ரவரியிலிருந்து அரசியல் விளம்பரத்தில் பணம் கொடுத்தவர் பெயர் வருகிறது. நல்ல விஷயம். ஆனால் அந்தப் பெயரை நேரில் அறிந்த இரண்டு பேர் எங்கே கையெழுத்துப் போடுகிறார்கள்? நான் 500 நோட்டீஸ் அடித்தாலும் அந்தக் கையெழுத்து எனக்கு வேண்டும். லட்சம் பேருக்கு விளம்பரம் போடுகிறவருக்கு வேண்டாமா? ஐரோப்பிய ஒன்றியம், தேர்தலுக்கு முந்தைய மூன்று மாதங்களில் வெளிநாட்டார் காசில் அரசியல் விளம்பரம் கூடாது, மற்ற விளம்பரங்களும் யார் பணம், எவ்வளவு, எந்தத் தேர்தலுக்காக என்று சொல்ல வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. இவ்வளவு சொல்ல வேண்டியிருந்தால் நாங்கள் அரசியல் விளம்பரமே வாங்கமாட்டோம் என்று 2025இல் கூகுளும் மெட்டாவும் அங்கே ஒதுங்கிக்கொண்டன. கோத்தகிரியில் ஓர் ஆஃப்செட் மெஷின் வைத்திருக்கிறவனால் முடிகிறது, அவர்களால் முடியாதாம். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த ஆள் திரும்பிப் போய் நாலைந்து நாள் இருக்கும். அம்மா தன் போனைக் கொண்டுவந்து காட்டினார். கச்சத்தீவு பற்றிய வீடியோ. நோட்டீஸுக்கு அந்த ஆள் எழுதிக் கொண்டுவந்திருந்த அதே வரிகள், இப்போது ஒரு பெண் குரலில், பின்னணியில் இசையோடு. யார் அனுப்பியது என்று கேட்டேன். “லைன்ல எல்லாருக்கும் வந்திருக்கு” என்றார். முதலில் யார் அனுப்பியது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அவருக்கு அனுப்பிய சித்திக்கும் தெரியவில்லை.

தலைமைத் தேர்தல் ஆணையருக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். 127ஏ பிரிவில் அச்சகங்களுக்கு இருக்கும் அதே கடமை போனில் வரும் ஒவ்வொரு அரசியல் விளம்பரத்துக்கும் வேண்டும். வெளியிட்டவர் பெயர், முகவரி, சாட்சி இருவர், செலவான தொகை, எல்லாம் தமிழில், படிக்க முடிகிற எழுத்தில் இருக்க வேண்டும். இன்னொரு நாட்டைப் பற்றிய கொள்கைக்காக நடத்தப்படும் அமைப்பு என்றால் அந்த நாட்டின் பெயரும் விளம்பரத்திலேயே இருக்க வேண்டும். குன்னூர், ஊட்டி, கூடலூர் அச்சகத்து நண்பர்கள் கையெழுத்துப் போட விரும்பினால் உள்பெட்டிக்கு வாருங்கள், படி அனுப்புகிறேன். மனுவின் அடியில் என் பெயரும் அச்சகத்தின் முகவரியும் இருக்கும்.