சிட்டுக்குருவிக்கு அழுகிறோம், சரி. சோலைக்கிளிக்கு?

உலகச் சிட்டுக்குருவி தினமான மார்ச் 20 வந்தால் போதும், டைம்லைன் முழுக்க சிட்டுக்குருவிதான். செல்போன் டவர்தான் கொன்றது என்று வருஷா வருஷம் அதே படம், அதே வாசகம் (அதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பாரில்லை). குருவி மேல் எனக்குக் கோபமில்லை. பெருநகரங்களில் குறைந்திருப்பதும் உண்மைதான். ஆனால் கண்டம் கண்டமாகப் பரவிக் கிடக்கிற பறவை அது, உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான ஐயுசிஎன், எந்த உயிர் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று போடுகிற சிவப்புப் பட்டியலில் 'கவலை குறைந்தவை' வரிசையில்தான் இருக்கிறது.

அதே பட்டியலில் 'அழியும் ஆபத்தில்' என்று எழுதப்பட்டிருப்பது நீலகிரி சோலைக்கிளி. எத்தனை பேருக்கு இந்தப் பேர் தெரியும்? பச்சைக்கிளி வகை என்று நினைத்துவிடாதீர்கள், அதற்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. சாண் நீளம்கூட இருக்காது. கருநீல உடம்பு, விலாவில் செம்பழுப்பு, குச்சிக் கால். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளில் மட்டும் இருக்கிறது, உலகத்தில் வேறெங்கும் கிடையாது. கணவாய்க்குத் தெற்கே பழனிமலை, ஆனைமலைப் பக்கம் அதன் பங்காளி, வெண்வயிற்றுச் சோலைக்கிளி. அதன் நிலைமையும் பெரிதாகச் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. இரண்டையும் சேர்த்து 2017இல் ஷோலிகோலா என்று தனிப் பேரினமே வைத்தார்கள். லத்தீன் பேருக்குள் நம்முடைய 'சோலை' உட்கார்ந்திருக்கிறது!

ஊட்டிப் பக்கம் ஒரு சோலை (மலை மடிப்புகளில் இருக்கிற ஈரக் காடு) ஓரத்தில் ஒருமுறை பார்த்தேன். விடிந்தும் விடியாத நேரம், ஓடைக்கரையில் நாலு தத்து, ஒரு சருகைப் புரட்டல், அப்புறம் அப்படியே சிலையாக நிற்பது. புழுவை எடுத்ததும் புதருக்குள் மறைந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து சீழ்க்கை மாதிரி நீளமாக ஒரு பாட்டு, ஆளைக் காணோம்.

இதை யாரும் கூண்டு வைத்துப் பிடிக்கவில்லை, சுடவுமில்லை. இருக்கிற இடத்தைத்தான் எடுத்துக்கொண்டோம். வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலையும் தைலமரமும் சீகையும் (சீகைக்காய் இல்லை, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரம்) வந்தன, சுதந்திரத்துக்கு அப்புறமும் தோல் பதனிடவும் ரேயானுக்கும் என்று நாமே மலை மலையாக நட்டோம். சோலை துண்டு துண்டாகிவிட்டது, ஈர நிழலை விட்டு வெளியே வரக் கூசுகிற பறவை ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போகும்?

இப்போது அந்நிய மரங்களை அகற்றப்போகிறோம் என்கிறார்கள். புல்வெளியில் ஏறிய சீகையை வெட்டுங்கள், சந்தோஷம். ஆனால் சில பழைய சீகைத் தோப்புகளில் அதன் நிழலிலேயே சோலைக் கன்றுகள் முளைத்து வந்திருக்கின்றன, அங்கேயும் ஜேசிபியை விட்டால் கன்றும் போகும், இந்தப் பறவை இரை தேடுகிற சருகும் போகும். மரத்தை எண்ணி டெண்டர் விடுகிறவர்கள் முதலில் குனிந்து தரையைப் பார்க்கட்டும்.