பத்திரம் சரி, அனுபோகம் யாரிடம்?

ரோம் நகரம், இத்தாலி, மேற்கு மாகாணங்கள் அத்தனையையும் பேரரசர் கான்ஸ்டன்டைன் போப் முதலாம் சில்வெஸ்டருக்கு எழுதிக் கொடுத்ததாகச் சொல்லும் பத்திரத்துக்குப் பெயர் 'கான்ஸ்டன்டைனின் கொடை'. பேச்சு 4ஆம் நூற்றாண்டுப் பேச்சு. மை பெரும்பாலான ஆய்வாளர்கள் கணக்கில் 8ஆம் நூற்றாண்டு மை.

1440இல் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா ஒரு நூல் எழுதி, இது போலி என்று கிழித்துக் காட்டினார். அவருடைய லத்தீன் புலமையைத்தான் எல்லோரும் மெச்சுகிறார்கள். மெச்ச வேண்டியதுதான். ரோம அரசவையில் 'சத்ராப்'கள் எங்கிருந்து வந்தார்கள்? அது பாரசீக ஆளுநரின் பட்டம். மணிமுடி தங்கமும் ரத்தினமும் என்கிறது பத்திரம். அந்தக் காலத்தில் அது துணிப்பட்டை என்கிறார் வல்லா. இதைவிட வேடிக்கை: கான்ஸ்டான்டிநோப்பிள் திருச்சபையும் போப்புக்குக் கீழ் என்று ஓரிடத்தில் வருகிறது, அந்த நகரையே இனிமேல்தான் கட்டப் போகிறேன் என்று பின்னால் வருகிறது! தேதியிலும் ஓட்டை. ரோமில் ஆண்டுக்கு இருவராகப் பதவி வகிக்கும் உயர் அதிகாரி கான்சல்; ஒன்றாகப் பதவி வகிக்காத இருவரை அந்த ஜோடியாகப் போட்டிருக்கிறார்கள். கான்ஸ்டன்டைன் தொழுநோய் நீங்கி சில்வெஸ்டர் கையால் ஞானஸ்நானம் பெற்றார் என்பது வெறும் கதை. அவர் ஞானஸ்நானம் பெற்றது 337இல், மரணப் படுக்கையில், நிக்கோமீடியா ஆயர் யூசேபியஸிடம். சில்வெஸ்டர் இறந்தே ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஆனாலும் வல்லாவின் பலமான அடி இது இல்லை என்பேன். சொற்பிழையை நகலெடுத்தவர் தலையில் கட்டித் தப்பிக்கலாம். அவர் கேட்ட இன்னொரு கேள்விக்குத்தான் தப்பிக்க வழியே இல்லை. கொடுத்தார் என்றே வைத்துக்கொள்வோம், வாங்கியவர் யார்? எந்த ஆளுநரை நீக்கி யாரை நியமித்தார்கள்? சில்வெஸ்டர் பெயரில் அடித்த ஒரு காசாவது உண்டா? நம்மூர்க் கணக்கில், பத்திரத்தைக் காட்டுகிறாய், அனுபோகம் யாரிடம் இருந்தது? கான்ஸ்டன்டைன் இறந்ததும் மேற்குப் பகுதி அவர் பிள்ளைகளிடம்தான் போனது.

போலி என்று சொன்ன முதல் ஆளும் வல்லா இல்லை. 1001இலேயே புனித ரோமப் பேரரசர் மூன்றாம் ஓட்டோ சொல்லிவிட்டார். யார் காதில் விழுந்தது? 1053இல் போப் ஒன்பதாம் லியோ கான்ஸ்டான்டிநோப்பிளுக்கு எழுதிய கடிதத்தில் இதையே ஆதாரமாக நீட்டினார். 1155 வாக்கில் போப் அயர்லாந்தை இங்கிலாந்து மன்னருக்குக் கொடுத்தபோது, தீவுகளெல்லாம் ரோமுக்குச் சொந்தம் என்பதற்கும் இந்தப் பத்திரமே துணை. வல்லாவை மட்டும் உலகம் கேட்டதற்குக் காரணம் புலமை ஒன்றே அல்ல. போப்போடு நேப்பிள்ஸுக்காக மல்லுக்கு நின்ற அல்ஃபோன்சோ மன்னரின் ஆள் அவர். அதில் எனக்குக் குறையில்லை. எதிர்த்தரப்பு வக்கீல்தானே பத்திரத்தை வரி வரியாகப் படிப்பார்? அதே வல்லா பிறகு போப்பின் அலுவலகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார் என்பது தனிக் கூத்து.

ஜெர்மனியில் எழுத்தாளர் உல்ரிக் ஃபான் ஹூட்டன் வல்லாவின் நூலை அச்சிட்டார். 1520இல் மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் படித்துக் கொதித்தார். அடுத்த சில ஆண்டுகளில் வத்திக்கான் மண்டபச் சுவரில் ஓவியர் ரஃபேலின் சீடர்கள் இந்தக் கொடைக் காட்சியை வரைந்து முடித்தார்கள். அதில் சில்வெஸ்டருக்கு வைத்த முகம், அப்போது பதவியில் இருந்த போப் ஏழாம் கிளெமென்டுடையது.