லே போனால் அந்த முதல் இரண்டு நாளை அறையில் கழிக்காதீர்கள்

குளிர்காலத்தில் லடாக் போய் வந்தேன் என்றதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான், பனி எவ்வளவு இருந்தது? லே நகரத்துக்குள் பனி கொஞ்சம்தாங்க. அது மழை மறைவுப் பிரதேசம். பகலில் பளிச்சென்று வெயில், ராத்திரி மைனஸ் 15, 20. பனியில் சறுக்கத்தான் ஆசை என்றால் காஷ்மீரில் உள்ள குல்மார்க் போங்கள், லே ஐஸுக்கான, அதாவது உறைந்த தண்ணீருக்கான ஊர். கேலோ இந்தியா என்ற தேசிய அளவிலான குளிர்கால விளையாட்டுகளில்கூட ஐஸ் போட்டிகளை லேயிலும் பனிப் போட்டிகளை குல்மார்க்கிலும்தான் நடத்துகிறார்கள்.

சுமார் 11,500 அடி உயரத்தில் விமானம் இறக்கிவிடுவதால், உடம்பு பழக இரண்டு நாளாவது அலையாமல் இருக்க வேண்டும். எங்கள் டூர்க்காரர் அந்த இரண்டு நாளுக்கும் ‘ஓய்வு’ என்று ஒரே சொல் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். முதல் நாள் சரி, தலைவலியோடு கம்பளிக்குள் கிடந்தேன். மறுநாள் மெதுவாக நடந்து கர்ஸூ குளத்துக்குப் போனால், குளமே உறைந்து கிடக்கிறது, அதன்மேல் பிள்ளைகள் ஹாக்கி ஆடுகிறார்கள்! கண்ணை மறைக்கும் தொளதொள ஹெல்மெட்டை ஒரு கையால் தூக்கிவிட்டபடியே பந்தை, இல்லை, அந்த ரப்பர் வட்டைத் துரத்துகிறது ஒரு வாண்டு. 2025 ஐஸ் ஹாக்கி ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய இந்தியப் பெண்கள் அணியில் ஏன் பெரும்பாலும் லடாக் பெண்கள் என்று அங்கே நின்றபோது புரிந்தது. அந்தக் காலத்தில் ராணுவ பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்தி ஆடியிருக்கிறார்கள்.

அங்கிருந்து பழைய ஊருக்குள் மத்திய ஆசிய அருங்காட்சியகம், அதுவும் நடந்தே. ஆனால் என்னை அசையவிடாமல் நிறுத்தியது கார்கிலில் உள்ள முன்ஷி அஜீஸ் பட் அருங்காட்சியகம்தான். இது அந்த இரண்டு நாளும் முடிந்த பிறகுதான்; லேயிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல், ஃபோட்டு லா கணவாய் ஏறி இறங்க வேண்டும், ஒரு நாள் போய்விடும், போகட்டும். மத்திய ஆசிய வணிகப் பாதையில் வியாபாரம் செய்த முன்ஷி 1920ல் அங்கே ஒரு சத்திரம் கட்டினார், கீழே குதிரைகள், மேலே வணிகர்களும் சரக்கும். 1947க்குப் பிறகு எல்லைகள் மூடிக்கொள்ள, சரக்கு அப்படியே தங்கிவிட்டது. பிற்பாடு பேரப்பிள்ளைகள் எடுத்து வைத்ததுதான் இந்த அருங்காட்சியகம். சேணம், கம்பளம், நாணயம் எல்லாம் எங்கேயும் பார்க்கலாம். ஆனால் விற்காமல் போன சோப்பு, சாயப்பொடி? யாரோ வாங்க வருவார்கள் என்று இன்னும் காத்திருப்பது மாதிரி!

போகிறவர்கள் முதலில் போன் பண்ணிக் கேட்டுவிடுங்கள், குளிர்காலத்தில் கதவு திறந்திருக்கும் என்று நம்பிப் போக முடியாது. காலுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ், உள்ளே தரை வெளியைவிட ஜில்லென்று இருக்கிறது.