ஸ்பின் நல்லா இருந்துச்சாம்!

பேஸ்பால்ல நான் போட்ட பந்து வேலியைத் தாண்டிப் போய்க்கிட்டிருக்கு. எல்லாரும் அண்ணாந்து பாக்குறாங்க. கோச் வந்து தோள்ல தட்டி, "ஸ்பின் நல்லா இருந்துச்சு"ங்கறார். இருந்துச்சு சார். அடிச்சவனுக்கும் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

கர்வ்பால், அதாவது காத்துலயே வளைஞ்சு கீழ இறங்கற பந்து, போடப் பழகுறவங்களுக்கு இந்த வயித்தெரிச்சலை விளக்க வேண்டியதில்ல. ஆனாலும் புலம்பித்தான் தீருவேன்.

நடுவிரலைத் தையலை ஒட்டி வெச்சேன். கட்டைவிரல் எதிர்த் தையல்ல. ஆள்காட்டி விரல் சும்மா சாஞ்சிருக்கணும், அழுத்தக் கூடாது, அழுத்தல. உள்ளங்கையில பந்து படக் கூடாது, படல. கடைசி நொடியில நடுவிரலால முன்பக்கமா இழுத்துக் கீழ விட்டேன். மகராசன் என்ன பண்ணிச்சு? கையை விட்டதும் முதல்ல லேசா மேல எழும்புச்சு, "வர்றது கர்வ்பால்"னு பேட்டருக்கு முன்கூட்டியே தகவல் சொல்ல! அப்புறம் சாவகாசமா, பேட்டர் பக்கத்துல தரையில பதிச்சிருக்கற ஹோம் பிளேட்டுக்கு நடுவுல, இடுப்பு உயரத்துக்கு வந்து, வளையலாமா வேண்டாமானு யோசிச்சு, வேண்டாம்னு முடிவெடுத்துருச்சு. பேட்டர் காலைத் தூக்கினான். ஊன்றினான். பந்து இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. அவனுக்கே அலுத்துப் போயிருக்கும். வந்ததும் அடிச்சான் பாருங்க, அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு.

உடனே அறிவுரைக் கோஷ்டி. ஒருத்தர், "கதவுக் குமிழைத் திருப்புற மாதிரி மணிக்கட்டைத் திருப்பு." அடுத்தவர், "ஐயையோ, திருப்பினா முழங்கை போயிரும், ஜன்னல் திரையைக் கீழ இழுக்கற மாதிரி இழு." கதவு, ஜன்னல்னு வீடே கட்டியாச்சு, பந்துதான் குடிவர மாட்டேங்குது. இன்னொருத்தர் இருக்கார்: "ஃபாஸ்ட்பால் வேகத்துலயே கையைச் சுத்து, ஆனா தளர்வா விடு." நீங்களே ஒருதரம் செஞ்சு காட்டுங்களேன்னா, அவருக்குத் தோள்பட்டை வலியாம்.

கிரிக்கெட்காரங்க தொல்லை தனி. "நீதான் ஸ்பின் போடுவியே, இதுவும் அதானே?" அங்க பட்டுத் திரும்பத் தரை இருக்குப்பா! இங்க நான் வீசுற இடத்துலேருந்து பிளேட் வரைக்கும் இருக்கற 18.44 மீட்டர்ல எல்லாக் கூத்தும் காத்துலயே முடியணும்.

இந்த விஞ்ஞானம் இருக்கே, அது இன்னும் கடுப்பு. பந்தோட மேல்பக்கம் முன்னாடி உருண்டா காத்து அதைக் கீழ அமுக்குமாம், மாக்னஸ் விளைவாம். லைமன் பிரிக்ஸ்னு ஒரு இயற்பியல் அறிஞர், எண்பது வயசைத் தாண்டினவர், 1959ல அளந்தே காட்டிட்டார்: பந்து 17.5 அங்குலம் வரைக்கும் வளையும்னு. ஹோம் பிளேட்டோட அகலமே 17 அங்குலம்தான்! கேண்டி கம்மிங்ஸ்னு அந்தக் காலத்துப் பந்துவீச்சாளருக்கு 1860கள்ல சிப்பி ஓடுகளை வீசி விளையாடினப்போதான் கர்வ்பால் யோசனையே வந்துச்சாம். சிப்பி ஓடு வளையுது. எனக்குத் தையலெல்லாம் போட்ட அசல் பந்தே வளைய மாட்டேங்குது.

இதுல இந்தத் தொப்பி வேற. பின்பட்டையை ஒரு ஓட்டை இறுக்கினா மண்டை வலிக்குது, ஒரு ஓட்டை தளர்த்தினா ஒவ்வொரு வீச்சுக்கும் கழண்டு பறக்குது. ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல தலை இருக்கறவன் எங்கய்யா போவான்? 'எல்லாருக்கும் பொருந்தும்'னு ஸ்டிக்கர் வேற ஒட்டியிருக்கான். பறக்கும்போது அந்தத் தொப்பி என்னமா வளையுதுங்கறீங்க!