நாலே நாலு நம்பர், அதுக்கு இவ்ளோ கூத்தா?

பெங்களூர்ல மழை பெஞ்சா கரண்ட் போகுது, அல்சூர்க்காரங்களுக்கு அது பழகிடுச்சு. ஆனா கம்ப்ளெயின்ட் நம்பர நெட்ல தேடினா ஏன்யா உயிரை வாங்குறீங்க? மேல பூரா விளம்பரம், அப்புறம் 'மின்தடை என்றால் என்ன'ன்னு கட்டுரை, அதுலயும் பாதி ஸ்கிரீனை மறைச்சுகிட்டு குக்கீ ஓகேவான்னு ஒரு பெட்டி, கண்ணுக்கே தெரியாத எக்ஸை தேடி அமுக்குறதுக்குள்ள போன்ல சார்ஜே போயிடும். 1912. அவ்ளோதான்யா விஷயம்! முதல் வரில போட்டா என்ன குறைஞ்சிடும்? இதைவிட கொடுமை, கஸ்டமர் கேர்னு எவனோ ஒருத்தனோட மொபைல் நம்பர் மேல வந்து நிக்குது. பக்கத்து வீட்டம்மா அதுக்குத்தான் போன் போட்டாங்க, எடுத்த உடனே ஓடிபி சொல்லுங்கன்னான், படுபாவி. பணம் போனப்புறம் சைபர் க்ரைம் புகார் நம்பர் 1930க்கு அடிச்சு அழணுமா? வயசானவங்க இருட்டுல உக்காந்து தேடுறாங்க, அவங்ககிட்ட திருடனை அனுப்பி வச்சுட்டு எப்படிங்க தூக்கம் வருது இவங்களுக்கு?